தங்கபுஷ்பத்தின் சொற்கள் ஊர் வாயில் இருந்த நாட்கள்

நெடுங்கரை பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எப்போது எந்தப் பக்கம் போகும் என்பதை இருபது வருடமாக ஊருக்குச் சொல்லிவந்தவள் தங்கபுஷ்பம். நேரக்காப்பாளர் அறையை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துபோகிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வலது கைப் பெருவிரலால் மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டு, “பயணிகளின் அன்பான கவனத்திற்கு” என்று அவள் தொடங்கினால், சங்கரன்கோவிலில் எந்த வேலையும் இல்லாதவர்களுக்குக்கூட ஒரு நடை போய்வந்தால் என்ன என்று தோன்றும். அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்தி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்க்கும். கடைசி நிமிடத்தில் ஓடிவருகிறவன் அந்தக் குரல் முடிவதற்குள் படியில் காலை வைத்துவிடுவான். அவள் புருஷன் பலவேசம் அதே டிப்போவில் டிரைவர். பேச்சுக்கும் அவனுக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை. வீட்டில் ஒரு நாளைக்கு நாலு சொல் சொன்னால் அன்றைக்கு வாயாடினான் என்று அர்த்தம்.

தங்கபுஷ்பத்தின் வலது பெருவிரல் நகத்துக்குள் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. பென்சிலால் இழுத்ததுபோல, நகத்தின் அடியிலிருந்து நுனிவரைக்கும். பொத்தானை அழுத்தி அழுத்தி வந்த தழும்பு என்று அவள் நினைத்தாள், பஸ் ஸ்டாண்டும் அப்படியே நினைத்தது. பக்கத்துத் தெருக் கிளினிக்கில் நகப்பூச்சி என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் கோடு பட்டையாகி, நகத்தைத் தாண்டித் தோலில் மை கொட்டியதுபோலப் பரவி, நகமும் நடுவில் பிளந்த பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனார்கள். அங்கே ஒரு துணுக்கை வெட்டிப் பார்த்து, இது மெலனோமா, தோலுக்குக் கறுப்பு கொடுக்கிற அணுக்களில் வருகிற புற்று, நம்மைப் போன்றவர்களுக்கு வந்தால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்திலும்தான் பெரும்பாலும் வரும் என்று சொல்லி, பெருவிரலை முதல் கணுவரைக்கும் எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், இது சும்மா இருந்துவிட்டு வேறு இடத்துக்கு நடந்துபோகிற சாதி என்றும் சொன்னார்கள். அவள் நாலு தடவை போனாள். நாலு தடவையும் ஒன்றுமில்லை. ஐந்தாவது தடவை டிப்போவில் ஆள் இல்லை, ஆறாவது தடவை ஊர்க் கோயில் கொடை வந்தது, அதற்கப்புறம் நல்லாத்தானே இருக்கோம் என்ற நினைப்பு வந்துவிட்டது. ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்டாள்.

விரல் போய் மூன்றாவது வருடத்து ஆடிக் காற்றில் முதல் சொல் அவளை விட்டுப் போனது.

காலை ஒன்பதே முக்கால் பஸ்ஸை அறிவித்துக்கொண்டிருந்தாள். “பயணிகளின் அன்பான கவனத்திற்கு, வாசுதேவநல்லூர் வழியாக” என்று வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஊர் கண்ணுக்குள் தெரிந்தது. எலுமிச்சை மூட்டைகள் தெரிந்தன, அங்கே கட்டிக்கொடுத்த சித்தி மகள் தெரிந்தாள். பெயர் மட்டும் இருந்த இடத்தில் இல்லை. அந்த நேரத்தில் எதிரே சர்பத் கடை ஐயாத்துரை ஒரு வாடிக்கையாளரிடம் ஐஸ் போடட்டுமா என்று கேட்பதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து தங்கபுஷ்பத்தின் குரலில், தெளிவாக, மைக்கே இல்லாமல், “புளியங்குடி” என்று வந்தது. புளியங்குடிக்காரர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பஸ் நேரத்துக்குக் கிளம்பியது.

“நான் புளியங்குடிக்குப் போகல அண்ணாச்சி, சர்பத்துதான் கேட்டேன்” என்றான் வாடிக்கையாளன்.

ஐயாத்துரை பதில் சொல்லப் பார்த்தார். மறுபடியும் புளியங்குடிதான் வந்தது. மூன்றாவது தடவையும் அதுவே வந்ததும், அவர் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக் கூண்டைத் தட்டி, அவள் முகத்துக்கு நேராக நின்று ஒரு தடவை சொன்னார்.

“ஆமா, புளியங்குடி! இதைத்தான் அண்ணாச்சி தேடிக்கிட்டு இருந்தேன்” என்றாள் தங்கபுஷ்பம். சொல் அவளிடம் போய்ச் சேர்ந்தது. ஐயாத்துரைக்குச் சொந்தப் பேச்சு திரும்பியது. “நன்னாரி தீர்ந்துபோச்சு தாயி” என்பதுதான் அவர் முதலில் பேசியது.

மறுநாள் “சுரண்டை” போயிற்று. அது பூக்காரி பேச்சியம்மாள் வாயில் கிடைத்தது. அதற்கடுத்த நாள் மூன்று சொற்கள் போயின. ஒரு வாரத்துக்குள் ஊருக்கு இதன் போக்குப் பிடிபட்டுவிட்டது. சொல் அவளை விட்டுக் கிளம்புகிற நொடியில் பக்கத்தில் எந்த வாய் திறந்திருக்கிறதோ அதற்குள் போய் உட்காரும். உட்கார்ந்திருக்கிறவரைக்கும் அந்த வாய்க்கு வேறு பேச்சு வராது. வலிக்காது, நாக்குக்கு அடியில் புளியங்கொட்டையை ஒதுக்கி வைத்ததுபோல இருக்கும், அவ்வளவுதான். நேரில் போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் விட்டுவிடும். அவளிடம் அந்தச் சொல் ஒரு நாள் தங்கும், சிலது நாலு நாள் தங்கும், பிறகு வேறு வாய்க்குப் போகும்.

அதிசயம் என்று யாரும் வாய் பிளக்கவில்லை. பிளந்த வாயில் சொல் ஏறிவிடுமே என்று ஒரு பயம். ஆனால் ஏற்பாடுகள் நடந்தன. கண்டக்டர் சேர்மக்கனி கரும்பலகை ஒன்றை வாங்கிவந்து கூண்டுக்கு வெளியே மாட்டி, “அக்காவின் சொல் கிடைத்தவர்கள் அன்றன்றே ஒப்படைக்கவும். வரிசையில் வரவும்” என்று எழுதிவைத்தான். எந்தத் தேதியில் எந்தச் சொல் போனது, யாரிடம் கிடைத்தது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்தும் வந்தான். அவனுக்கு எதையும் எழுதிவைக்காவிட்டால் சோறு இறங்காது. கேரளாக்காரர் ஒருவருக்குக் “கழுகுமலை” கிடைத்தது, அவருக்காகச் செங்கோட்டை பஸ்ஸை மூன்று நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். நடைமேடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு புருஷன் பெண்டாட்டியில், புருஷன் வாயில் “வெண்டைக்காய்” ஏறி, அவன் கோபமாக வெண்டைக்காய் வெண்டைக்காய் என்று கையை நீட்டி நீட்டிச் சொல்ல, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் அவனோடேயே வரிசையில் நின்று, இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். ஸ்டாண்டுக்கு எதிரே தேரடியில் பொதுக்கூட்டம் பேசிக்கொண்டிருந்த ஒரு வட்டச் செயலாளர், “நான் கேட்கிறேன், நான் கேட்கிறேன்” என்று முழங்கிவிட்டு, பெண் குரலில் “பல்லாரி வெங்காயம்” என்றார். கூட்டம் அன்றைக்குத்தான் கைதட்டியது.

பள்ளிக்கூடத்துப் பெண்கள் வேண்டுமென்றே வாயைத் திறந்துகொண்டு கூண்டுப் பக்கமாக நடந்தார்கள். பேச்சியம்மாளுக்கு அந்தக் குரல் தன் வாயிலிருந்து வருவதில் ஒரு பெருமை. கிடைத்த சொல்லை உடனே கொடுக்காமல் பூக்கூடையோடு ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றி நாலு பேரிடம் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பாள். டிப்போவிலிருந்து, அறிவிப்புப் பணியை நியமனம் பெறாதவர்கள் செய்யலாமா என்று விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. கொண்டுவந்த அதிகாரி அதை வாசிக்கத் தொடங்கி “கரண்டி” என்று சொன்னதால், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவரும் வரிசையில் நின்றார்.

இப்படி ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஊர் பழகியதுதான் ஆபத்தாக முடிந்தது. போகிற சொல்லை இத்தனை கைகள் ஏந்தித் திருப்பிக் கொடுத்ததால், ஏன் போகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது. காலையில் எழுந்ததும் இடது நெற்றிக்கு உள்ளே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல ஒரு வலி வரும். வாந்தி எடுத்தால் கொஞ்சம் தணியும். வலது கையில் பிடித்த டம்ளர் தானாக நழுவும். வேறு இடத்துக்கு நடந்துபோகிற சாதி என்று அன்றைக்குச் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டிய சொற்கள் அவளிடம் இருந்தன, அவை எங்கேயும் போகவில்லை. அவள்தான் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தாள்.

பலவேசத்துக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். “கட்டுனவனுக்கு ஒண்ணும் கிடைக்கலியேவே” என்று ஐயாத்துரை அவனைப் பார்த்து வருத்தப்பட்டார். “அவன் வாயைத் திறந்தால்லா கிடைக்கும்” என்றான் சேர்மக்கனி. பலவேசம் சிரித்துவிட்டு வண்டியில் ஏறினான்.

உண்மையில் அவனுக்கு ஒன்று கிடைத்திருந்தது. ஆவணி பிறந்த அன்று காலை, முகம் கழுவிவிட்டுத் துண்டு கேட்க வாயைத் திறந்தபோது வந்து உட்கார்ந்தது. அந்த நிமிடத்திலிருந்து பதினோரு நாளாக அவன் ஊமை. வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை, டிப்போவிலும் யாரும் கவனிக்கவில்லை. பஸ் ஓட்டுவதற்குப் பேச்சு வேண்டியதில்லை, விசில் கொடுக்கக் கண்டக்டர் இருக்கிறான். காலையில் ஆள் இல்லாத பணிமனையில், டயர்களுக்கு நடுவே நின்று, அவன் அந்தச் சொல்லைத் தனக்கு மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வான். பிறகு வண்டியை எடுப்பான்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. முகூர்த்த நாள். பத்தரை மணிக்கு ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாது. தங்கபுஷ்பம் பொத்தானை அழுத்தி, “பயணிகளின்” என்றாள். அதற்கப்புறம் ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது, நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது, கண்ணாடியில் ஏதோ இடித்துக்கொண்டே இருக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு வலிப்பு வந்திருந்தது. அந்த ஒரு நொடியில் அவளிடமிருந்த அத்தனை சொற்களும், தேங்காய், திங்கட்கிழமை, மழை, மருமகன், மூன்றாவது, அன்பான, எல்லாமே ஒரே வீச்சில் கிளம்பி, திறந்திருந்த அத்தனை வாய்களிலும் போய் உட்கார்ந்தன. கூண்டை நோக்கி ஓடியவர்கள் ஐயோ என்று கத்த வாயைத் திறந்தார்கள். ஒருவருக்கு “இட்லி” வந்தது, ஒருவருக்குச் “செவ்வாய்” வந்தது. பஸ் ஸ்டாண்டு முழுவதும் தங்கபுஷ்பத்தின் குரலாக இருந்தது. தங்கபுஷ்பம் மட்டும் தரையில் கிடந்தாள்.

பேச்சியம்மாள் அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே பூக்கூடையின் துணியைச் சுருட்டி வைத்தாள். ஐயாத்துரை ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். எங்கேயிருந்து பேசுகிறீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டது. “வாசுதேவநல்லூர்” என்றார் ஐயாத்துரை. கண்ணில் நீர் வழிய, தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டு மறுபடியும் வாசுதேவநல்லூர் என்றார். வாசுதேவநல்லூருக்கு வண்டி அனுப்புகிறோம் என்றது அந்தப் பக்கம். போனை வாங்கிய சேர்மக்கனி “கொத்தமல்லி” என்றான். அதற்கப்புறம் போனை யாரும் வாங்கவில்லை.

பலவேசம் தென்காசி டிரிப்புக்கு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். கூட்டம் போன திசையைப் பார்த்தான், இறங்கி ஓடினான், வலிப்பு அடங்கிக் கண் சொருகிக் கிடந்த பெண்டாட்டியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து, மூன்று பேர் உட்காரும் இருக்கையில் கிடத்தினான். பேச்சியம்மாள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏற்கெனவே ஏறியிருந்த நாற்பது பயணிகளில் ஒருவரும் இறங்கவில்லை. அவர்கள் வாயிலும் அவளுடைய சொற்கள் இருந்தன. சேர்மக்கனி பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு இரட்டை விசில் கொடுத்தான். தென்காசிக்குப் போக வேண்டிய அரசுப் பேருந்து வலதுபக்கம் திரும்பாமல் இடதுபக்கம் திரும்பி, எந்த நிறுத்தத்திலும் நிற்காமல், ஒரு மணி ஐந்து நிமிடத்தில் திருநெல்வேலியில் அவளுக்கு விரலெடுத்த ஆஸ்பத்திரியின் வாசலில் போய் நின்றது.

அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் மெஹருன்னிஸா. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். “யார் கூட வந்திருக்கீங்க? என்ன ஆச்சு?” என்று கேட்டார். நாற்பது பேரும் ஒரே குரலில் நாற்பது சொல் சொன்னார்கள்.

டாக்டர் கையை உயர்த்தி, “ஒருத்தர் மட்டும்” என்றார்.

சேர்மக்கனி நோட்டை எடுத்து நீட்டினான். அவர் தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதலில் ஊர்ப் பெயர்கள். பிறகு காய்கறி. பிறகு அடுப்பங்கரைச் சாமான். பிறகு உறவு முறைகள். ஒரு நாளைக்கு ஒன்றாக இருந்தது ஒன்பதாக ஏறியிருந்தது. “முப்பத்தி மூணு நாளா?” என்றார். சேர்மக்கனி தலையை ஆட்டினான். “பெயர்ச் சொல்லுதான் எல்லாமே. இடது பக்கம், காதுக்கு மேல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் கையை எடுத்துப் பார்த்தார், விரல் இல்லாத இடத்தைப் பார்த்தார். “இது என்னத்துக்காக எடுத்தாங்க?”

பலவேசம் அந்த நோட்டிலேயே எழுதினான்: மெலனோமா.

ஸ்கேனில் அது தெரிந்தது. ஒரே ஒரு பொட்டு, கொட்டைப்பாக்கு அளவு, அதைச் சுற்றி நீர் கோத்து வீங்கியிருந்தது. டாக்டர் பலவேசத்தை உட்காரவைத்து எதையும் மறைக்காமல் சொன்னார். விரலில் இருந்தது ரத்தத்தோடு போய் மூளையில் தங்கியிருக்கிறது. சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒன்றுதான் இருக்கிறது, நெஞ்சிலும் வயிற்றிலும் வேறு எங்கும் இல்லை, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. முதலில் வீக்கத்துக்கு மருந்து. அப்புறம் தலையைத் திறக்காமலே அந்தப் பொட்டை மட்டும் குறிபார்த்து ஒரே ஒரு நாள் கதிர். அப்புறம் உடம்பிலிருக்கிற காவலாட்களை எழுப்பிவிடுகிற மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு வருடம்.

“பத்து வருஷம் முந்தி வந்திருந்தா இவ்வளவு தைரியமா நான் பேசியிருக்க மாட்டேன். இப்பப் பேசலாம்” என்றார்.

பலவேசம் கையெடுத்துக் கும்பிட்டான். வாயைத் திறக்கவில்லை.

வீக்கத்துக்கான மருந்து ஏறிய மறுநாள் தங்கபுஷ்பம் கண்ணை விழித்து நேராகப் பார்த்தாள். பார்வையில் எல்லாம் இருந்தது, வாயில் ஒன்றுமில்லை. அன்று மாலை நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியபோது வாசலில் நெடுங்கரையிலிருந்து இரண்டு பஸ் நிறைய வந்த ஆட்கள் நின்றார்கள். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர்தான் என்றார் காவலாளி. அவரிடம் வாதாட அவர்களுக்குப் பேச்சு இல்லாததால் பேசாமல் நின்றார்கள். இருநூறு பேர் பேசாமல் நிற்பதை அந்தக் காவலாளி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. டாக்டரே இறங்கிவந்து இரண்டிரண்டு பேராக விடச் சொன்னார். வந்தார்கள், கட்டிலுக்கு எதிரே நின்றார்கள், அவள் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்கள், போனார்கள். தேங்காய். திங்கட்கிழமை. மழை. ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த தன் கல்யாணத்துக்காக அன்று ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளை, தாலி கட்டிய கையோடு, மாலையைக்கூடக் கழற்றாமல் புதுப்பெண்ணோடு வந்து “தலையணை” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயாத்துரை “வாசுதேவநல்லூர்” என்று சொல்லிவிட்டு, சொந்தக் குரல் வந்ததும் அங்கேயே உட்கார்ந்து விசித்து விசித்து அழுதார்.

மூன்று நாள் இது நடந்தது. இந்தத் தடவை கொடுத்த சொல் போகவில்லை. திங்கட்கிழமை கொடுத்தது புதன்கிழமையும் அவளிடம் இருந்தது. சேர்மக்கனி நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான். வியாழக்கிழமை அவள் “தொண்டை காயுது, கொஞ்சம் வெந்நி குடுங்க” என்று முழுசாகச் சொன்னபோது, பேச்சியம்மாள் வார்டு என்றும் பார்க்காமல் குலவையிட்டாள். நர்ஸ் வந்து திட்டினாள். திட்டிவிட்டு அவளும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை கதிர் வைப்பதாக இருந்தது. வியாழன் மாலை எல்லோரும் போன பிறகு, கையெழுத்து வாங்குகிற தாள்களோடு நர்ஸ் வந்தாள். “உங்க பேரு?” என்றாள்.

“தங்கபுஷ்பம்.”

“வீட்டுக்காரர் பேரு?”

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள், மூடினாள், பலவேசத்தைப் பார்த்தாள். புருஷன் பேரைச் சொல்ல வெட்கப்படுகிற பழைய பழக்கம் என்று நினைத்து நர்ஸ், “எழுதியாவது குடுங்கம்மா” என்று தாளை வைத்துவிட்டுப் போனாள். தங்கபுஷ்பம் பேனாவை எடுத்தாள். எழுதவும் வரவில்லை.

அவள் புருஷனை உற்றுப் பார்த்தாள். இத்தனை நாளில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஏங்க, உங்கட்ட ஒண்ணு இருக்கு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“என்னைக்கிலேர்ந்து?”

நோட்டில் எழுதினான்: ஆவணி ஒண்ணு.

“குடுங்க.”

அவன் இல்லை என்று தலையசைத்தான். தங்கபுஷ்பத்துக்குக் கோபம் வந்தது. கோபப்படுவதற்குச் சொல் இருப்பது அவளுக்கே நிம்மதியாக இருந்தது. “வழிப்போக்கனெல்லாம் வந்து குடுத்துட்டுப் போறான். கட்டுனவரு நீங்க வச்சுக்கிடுவீங்களா? அப்படி என்ன சொல்லுங்க அது?”

பலவேசம் பேனாவை எடுத்து எழுதினான். அவனுக்குக் கோழிக் கிறுக்கல் கையெழுத்து, அவள் எழுத்துக்கூட்டித்தான் படித்தாள்:

‘என் பேரு. இருபத்திரெண்டு வருசத்துல நீ அதைச் சொல்லி நான் கேட்டதே இல்ல. ஊர் பேரெல்லாம் சொல்லுவ. இப்ப உன் கொரல்ல அது என்கிட்ட இருக்கு. நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, அப்புறம் உன் கொரலு எனக்கு எங்க கிடைக்கும்?’

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். வெளியே வாகன நிறுத்தத்தில் யாரோ ஒருவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார், அது கிளம்பவில்லை.

“எனக்குப் பயமா இருந்துச்சு” என்றாள். “முதல் நாளே தெரியும். உங்ககிட்ட சொல்லல. நான் ஒண்ண மறைச்சேன், நீங்க ஒண்ண மறைச்சீங்க. சரியாப்போச்சு. இங்க வாங்க.”

அவன் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

“குடுங்க. நாளைக்கு என்ன ஆனாலும் இன்னைக்கு நான் சொல்லுதேன். நேரா என்னையப் பாத்துக் குடுங்க.”

அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவளுடைய குரலில், பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற அந்தத் தெளிவில், மெதுவாக: “பலவேசம்.”

அவள் உதடு அசைந்தது. ஒரு தடவை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம், “பலவேசம்” என்றாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். “பலவேசம், பலவேசம், பலவேசம்” என்று அவள் நிறுத்தாமல் சொன்னாள், வெட்கத்தில் சிரிப்பு வந்தது, சிரிப்பில் இருமல் வந்தது. பலவேசத்துக்குப் பதினெட்டு நாளுக்கப்புறம் சொந்தக் குரல் வந்தது. கட்டைக் குரல், துருவேறியிருந்தது.

“சத்தமாச் சொல்லாத தாயி” என்றான். “ஆளுக பாக்காங்க.”

மறுநாள் முகத்துக்கு வலைமூடி போட்டு, தலை அசையாமல் பலகையோடு பொருத்தி, அவளை எந்திரத்துக்குள் அனுப்பினார்கள். முப்பத்தைந்து நிமிடம். வலி இல்லை, சூடு இல்லை, பக்கத்து அறையில் யாரோ அம்மியை நகர்த்துவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது என்று பிறகு சொன்னாள். வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் மூன்று பூரி சாப்பிட்டாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கையில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தாள். சில தடவை உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது, ஒரு தடவை வயிற்றுப்போக்கு வந்து நாலு நாள் படுக்கவைத்தார்கள். அசதி நாய்க்குட்டியைப் போலக் காலைச் சுற்றிக்கொண்டே வந்தது. ஆனால் ஒரு சொல்லும் போகவில்லை. வண்டியை வழிமாற்றி ஓட்டியதற்கு டிப்போவில் பலவேசத்தை விசாரித்தார்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸில் போன நாற்பது பேரும் தென்காசிக்கு வாங்கிய டிக்கெட்டோடு வந்து, நாங்கள் போக நினைத்த இடத்துக்குத்தான் போனோம் என்று எழுதிக் கொடுத்ததால், விசாரணை எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது.

ஊரில் சில பழக்கங்கள் மட்டும் தங்கின. முடிவெட்டுகிற கடையில் தலை குனிந்தபடியே ஆட்கள் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் பூ வாங்க வருகிறவர்களின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பூவைக் கொடுத்தாள். அப்படி மூன்று பேர் திருநெல்வேலிக்குப் போனார்கள். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது ஆளுக்கு, பால் வண்டிக்காரருக்கு, உள்ளங்காலில் இருந்தது தொடக்கத்திலேயே வெட்டி எடுக்கப்பட்டு, ஒரு மாதத்தில் அவர் சைக்கிள் மிதித்தார்.

“ஒரு சொல்லாவது இப்ப வரமாட்டேங்குதே மதினி, வாயே வெறிச்சுன்னு இருக்கு” என்று பேச்சியம்மாள் ஒரு நாள் குறைப்பட்டாள்.

“அப்படியே இருக்கட்டும்” என்றாள் தங்கபுஷ்பம். பித்தளைப் பூட்டைத் திறந்து கூண்டுக்குள் போனாள்.

ஒரு வருட மருந்து முடிந்து எடுத்த ஸ்கேனை டாக்டர் மெஹருன்னிஸா வெளிச்சப் பலகையில் வைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். பலவேசம் நாற்காலியின் கைப்பிடியை ஸ்டியரிங்போலப் பிடித்துக்கொண்டிருந்தான். பாக்கு இருந்த இடத்தில் ஒரு வடு இருந்தது, சோற்றுப் பருக்கை அளவு. “உயிர் இல்லாத வடு. வேற எங்கயும் இல்ல” என்றார் டாக்டர். “மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தே ஆகணும். நல்லாத்தானே இருக்கேன்னு வீட்ல உக்காரக் கூடாது. கொடை வந்தாலும் வரணும்.”

“வந்துருவோம்” என்றான் பலவேசம். டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் மேலும் சொன்னான்: “நான் கூட்டிட்டு வந்துருவேன் டாக்டர். வராம இருக்க மாட்டோம். நீங்க நல்லா இருக்கணும்.” அவள் எண்ணிக்கொண்டே வந்தாள், ஒன்பது சொல்லுக்கு மேல் போயிற்று.

திரும்பும்போது சாதாரணப் பயணிகளாகப் பின்னாலிருந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மத்தியான வெயில், இரண்டு பக்கமும் பருத்திக்காடு, காற்று உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டியவன், ஓடுகிற பஸ்ஸில் ஒரு தடவைகூடக் கண்ணை மூடாதவன், வேறு யார் ஓட்டினாலும் வலது காலால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே வருகிறவன், தேவர்குளம் தாண்டியதும் அவள் தோளில் சரிந்தான். முதலில் தலை வந்தது, பிறகு பாரம் முழுவதும் வந்தது. ஒரு வருடத்துத் தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் சேலை முந்தானையை எடுத்து அவன் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டாள்.

நெடுங்கரை வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். புதுக் கண்டக்டர் ஒருவன் பின்னால் வந்து, “அக்கா, உங்க ஊரு வந்துட்டு. அண்ணாச்சிய எழுப்புங்க” என்றான்.

தங்கபுஷ்பம் புருஷனைப் பார்த்தாள். தோள் மரத்துப்போயிருந்தது. அவள் அசையவில்லை.

“இந்த வண்டி எதுவரைக்கும் தம்பி போகுது?”

“ராஜபாளையங்க்கா.”

“அப்ப ராஜபாளையத்துக்கே ரெண்டு டிக்கெட் குடு” என்றாள். “அவரு தூங்கட்டும்.”